சர்வர் டவுன் என்று சொல்வதற்கு முன்

போன வாரம் தொப்பம்பட்டியில் பழனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாம் அவன் தலையில்தான்.

"சார், ஒரு யோசனை கேக்கணுங்க. எங்க ஆபீஸ் டொமைன் சர்வரை மாத்தச் சொல்லிட்டாங்க. புதுப் பெட்டி வந்திருச்சுங்க. ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல மாத்திடலாம், திங்கக்கிழமை யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு இன்ஜினியர் சொல்றாருங்க. நீங்க பேங்க்ல இதெல்லாம் பாத்தவருங்களே…"

"ஒரே நாள்ல மாத்தாதே தம்பி" என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவனுக்காக மட்டுமல்ல. "சர்வர் டவுன்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், தபால் ஆபீஸ், பேங்க் என்று எங்கே போனாலும் அந்த வார்த்தை காத்திருக்கிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கு அது மழை வெயில் மாதிரி, யாரும் காரணமில்லாமல் வருவது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: பல நேரங்களில் அதற்குப் பின்னால் ஒருவர் பார்க்காமல் போட்ட கையெழுத்து இருக்கிறது. அப்படி ஒரு கையெழுத்தை நானும் போட்டிருக்கிறேன்.

முதலில் டொமைன் சர்வர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் வயதுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதானால், அது ஆபீஸின் சாவிக்கொத்தை வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை. காலையில் ஒருவர் தன் கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டதும், "இவர் நம் ஆள்தான், உள்ளே விடு" என்று சொல்வது அது. இவர் எந்த ஃபைலைத் திறக்கலாம், எந்த பிரிண்டரில் அச்சடிக்கலாம் என்பதும் அதன் கணக்கில்தான். பெரும்பாலான ஆபீஸ்களில் இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கம்ப்யூட்டர் ஒரு இடத்தைப் பெயர் சொல்லித் தேடும்போது, அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை எடுத்துச் சொல்வது. இதை டிஎன்எஸ் என்பார்கள். வழி தெரியாதவருக்குக் கதவு எண் சொல்லி அனுப்புகிற டீக்கடைக்காரர் மாதிரி. இந்த இரண்டாவது வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் தெரியும்.

எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே சண்டை. நான் 1980-இல் கிளார்க்காகச் சேர்ந்தபோது லெட்ஜர், வவுச்சர், டோக்கன் மட்டும்தான். 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டது. ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநராக இருந்த ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அறிக்கை கொடுத்தது. பிறகு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. அதற்கும் முன்னால், அறுபதுகளிலேயே கல்கத்தாவில் எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டர் வைக்கக் கூடாது என்று பெரிய போராட்டமே நடந்திருந்தது. நானும் வாயில் கூட்டங்களில் நின்று கோஷம் போட்டவன்தான். வேலை போய்விடும் என்று பயந்தோம். வேலை போகவில்லை, மாறியது. லெட்ஜர் தூக்கிய நானே கடைசியில் கிளையின் சிஸ்டம் பார்க்கிற ஆபீசர் ஆனேன். இரண்டு மாதப் பயிற்சியும் மீதி அனுபவமும்தான் என் படிப்பு.

கோர் பேங்கிங் வந்த பிறகு கணக்கெல்லாம் தலைமையகத்து டேட்டா சென்டருக்குப் போய்விட்டது. ஆனாலும் எங்கள் கிளையில் ஒரு சின்னத் தடுப்பறைக்குள் பழைய சர்வர் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு வைப்போம். துடைத்தாலும் போகாமல் பெட்டியின் நெற்றியில் ஒரு மஞ்சள் கறை தங்கிவிட்டது. விண்டோஸ் சர்வர் 2003. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2015 ஜூலை 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்று சர்க்குலர் வந்தது. அது சரியான முடிவு. அதில் எனக்கு அன்றும் மாற்றுக் கருத்தில்லை, இன்றும் இல்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல்தான் வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை ஆயின. அதனால் அக்டோபர் 10, இரண்டாவது சனிக்கிழமை, மாற்றுவதற்கு நாள் குறித்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள். வெளி ஏஜென்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல பையன், வேலை தெரிந்தவன். சனிக்கிழமை புதுப் பெட்டியை நிறுத்தி, பழையதில் இருந்த பெயர், பாஸ்வேர்டு விவரங்களை எல்லாம் புதியதற்கு வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை பழையதை முறைப்படி பொறுப்பிலிருந்து இறக்கி அணைத்தார். புதிய சர்வரின் திரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். லாகின் ஆனது. கோர் பேங்கிங் பக்கம் திறந்தது. "எல்லாம் ஓகே சார்" என்று ஒரு தாளை நீட்டினார். "பணி திருப்திகரமாக முடிந்தது" என்று அச்சடித்திருந்தது.

மணி ஐந்தரை. தொப்பம்பட்டி பக்கம் வர ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒன்பது கம்ப்யூட்டர்களிலும் பாஸ்வேர்டு போட்டதும் உள்ளே போனது. பழைய லாகினை அந்தந்தக் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்திருந்ததால் அது நடந்தது. அதனால்தான் பிரச்சினை எங்கே என்று புரிய எங்களுக்கு இன்னும் நேரமானது. உள்ளே போன பிறகு ஒன்றுமே திறக்கவில்லை. கோர் பேங்கிங் இல்லை. பாஸ்புக் பிரிண்டர் இல்லை. நகைக்கடன் விவரம் வைத்திருந்த பொது ஃபோல்டர் இல்லை. வாசலில் அதற்குள் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இன்ஜினியர் அன்று வேறு ஊரில் வேறு கிளையில் இருந்தார். போனை எடுக்கவில்லை. தலைமையக ஹெல்ப் டெஸ்க்கில், "லைன் நல்லாத்தான் இருக்கு, உங்க பக்கம் பாருங்க" என்றார்கள். நான் தடுப்பறைக்கும் கவுண்டருக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நெட்வொர்க் வரலைங்க, கொஞ்ச நேரம் உக்காருங்க."

பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். கணவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பதினைந்தாயிரம் எடுக்க வேண்டும், மத்தியானத்துக்குள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் போடவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, "ஏஞ்சாமி, எம் பணம் உள்ள பத்திரமா இருக்குதில்ல?" என்று கேட்டார். "இருக்கும்மா, அதுக்கு ஒண்ணுமாகாது" என்றேன்.

வழி காட்டியது எங்கள் கிளையைப் பெருக்கித் துடைக்க வருகிறவர். ஸ்டேஷனரி அறைக்குத் தூக்கிப்போன பழைய பெட்டியைப் பற்றிச் சொன்னார். "சார், அந்தப் பொட்டி முதுகுல எப்பவோ ஒரு சீட்டு ஒட்டியிருந்தாங்களே, அது வேண்டாமா?" போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் அந்தக் கிளையில் இருந்த யாரோ ஒருவரின் கையெழுத்து. சர்வரின் எண் முகவரி, அதன் கீழே "எல்லாக் கம்ப்யூட்டரிலும் இதையே டிஎன்எஸ் ஆகப் போடவும்" என்று ஒரு வரி. மங்கிப்போன மசி.

அப்போதுதான் விளங்கியது. ஒன்பது கம்ப்யூட்டர்களிலும் பழைய பெட்டியின் எண்ணை யாரோ கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவதாக ஒரு எண் கொடுக்கும் கட்டம் காலி. புதுப் பெட்டிக்கு வேறு எண். கம்ப்யூட்டர்கள் எல்லாம் காலையிலிருந்து மூடிய டீக்கடை முன் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தன. புதுப் பெட்டி தன்னிடமே வழி கேட்டுக்கொள்வதால் அதன் திரையில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் எண்ணை மாற்றினோம். கவுண்டர் ஓட ஆரம்பித்தபோது ஒன்று நாற்பது. அந்த அம்மாவுக்கு முதலில் பணம் கொடுத்தோம். கோயமுத்தூர் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி வீட்டில் படுத்தபிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் கணக்கு கோர் பேங்கிங்கில் இருந்தது. எங்கள் வங்கியின் எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம். அடுத்த ஊர்க் கிளை அரைமணி நேரப் பயணம். பத்தரை மணிக்கே, "இங்க இன்னிக்கு எப்பச் சரியாகும்னு தெரியலம்மா, அந்தக் கிளைக்குப் போங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் கோயமுத்தூர் போயிருப்பார். எனக்குத் தோன்றவே இல்லை. என் நினைப்பெல்லாம் பெட்டியின் மேலே இருந்தது. கணவர் பிழைத்து வந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

இதை வைத்துக்கொண்டு, "பழசே நன்றாக இருந்தது, மாற்றியிருக்கவே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. திருத்தங்கள் போடாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களைத்தான் அது பிடித்தது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கைவிட்டுப்போன எக்ஸ்பி, சர்வர் 2003 போன்ற பழைய விண்டோஸ்களுக்குக்கூட மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. பழைய சர்வரை ஓட்டிக்கொண்டே இருப்பது, பூட்டு தேய்ந்த லாக்கரில் நகை வைப்பது போல. நாங்கள் அன்று வைத்த புதுப் பெட்டியின் விண்டோஸ் சர்வர் 2012-க்கும் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. நாங்கள் அதை நிறுத்தியதற்குச் சரியாக எட்டு வருஷம். தெருப் பையனின் ஆபீஸில் ஓடுவது 2016. அதற்கு 2027 ஜனவரி 12 வரைதான். மாற்றுவது ஒருமுறை வருகிற கல்யாணம் இல்லை, சில வருஷத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளையடிப்பு. அப்படியிருக்க, அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒழுங்கு என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வங்கியில் சார்ஜ் ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. கேஷ் சாவி வைத்திருக்கும் ஆபீசர் லீவில் போனால், சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போக முடியாது. போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து உள்ளே போவார்கள். நோட்டுக் கட்டு, நகைப் பை எல்லாவற்றையும் இருவரும் எண்ணுவார்கள். பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். எண்ணாமல் கையெழுத்துப் போட்டு, பின்னால் பணம் குறைந்தால், போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். பணத்துக்கு இவ்வளவு செய்த நாங்கள், பணத்துக்கு வழிகாட்டுகிற பெட்டியின் சார்ஜை, எண்ணாமலே வாங்கிக்கொண்டோம்.

பெரிய இடங்களிலும் இதுதான் நடக்கிறது. இங்கிலாந்தில் டிஎஸ்பி என்ற வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு ஒரே வாரக் கடைசியில் மாற்றியது. திங்கட்கிழமை வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கையே பார்க்க முடியவில்லை. பத்தொன்பது லட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அடுத்த செய்தி. அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவருக்கு 2023-இல் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். வேலையை எடுத்துச் செய்த நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்று அவர் போதுமான அளவு சரிபார்க்கவில்லை என்பதுதான் குற்றம். படித்தபோது என் ஐந்தரை மணிக் கையெழுத்து ஞாபகம் வந்தது. எனக்கு அபராதம் இல்லை. ஒரு மெமோகூட வரவில்லை. அன்றைய அபராதத்தைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கட்டினார்கள்.

ஆகவே தம்பிக்கு நான் சொல்ல நினைத்தவை இவை.

முதலில், புதுப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் பழைய பெட்டி என்னென்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுது. லாகின், டிஎன்எஸ், கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுப்பது, பிரிண்டர், பொது ஃபோல்டர், ராத்திரி பேக்கப், கடிகாரம். கடிகாரத்தை அலட்சியப்படுத்தாதே. சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் லாகினே தகராறு செய்யும். எழுதும்போது இன்ஜினியரை மட்டும் கேட்காதே. அங்கே பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிற கேஷியரைக் கேள், பெருக்குகிறவரைக் கேள். பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்.

இரண்டாவது, டொமைனில் ஐந்து தனிப் பொறுப்புகள் உண்டு. அவை உங்கள் கிளைப் பெட்டியில் இருக்கிறதா, தலைமையகத்தில் இருக்கிறதா என்று பார். கிளையில் இருந்தால், பழையது உயிரோடு இருக்கும்போதே புதியதற்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். செத்த பிறகு பிடுங்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அப்படிப் பிடுங்கினால் பழைய பெட்டியை மறுபடி நெட்வொர்க்கில் சேர்க்கக் கூடாது. பாகப்பிரிவினை மாதிரிதான். பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிக்கொண்டால் வம்பில்லை.

மூன்றாவது, இரண்டு பெட்டியும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடட்டும். ஒரு மாதக் கடைசியாவது தாண்டட்டும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் புதியதன் எண்ணைச் சேர். பிறகு வேலை நாள் ஒன்றில், எல்லாரும் சீட்டில் இருக்கும்போது, இன்ஜினியரும் பக்கத்தில் இருக்கும்போது, பழையதை அணைத்துப் பார். யாராவது கூப்பிட்டால் உடனே மறுபடி போட்டுவிடலாம். ஒரு நாள் முழுக்க யாரும் கூப்பிடவில்லை என்றால் திரும்ப ஏற்றி, முறைப்படி பொறுப்பிலிருந்து இறக்கி, வழியனுப்பு.

நான்காவது, கையெழுத்தை சர்வர் அறையில் போடாதே. கடைசி சீட்டில் இருக்கிற ஆளின் கம்ப்யூட்டரில், அவர் கையால், அவர் தினமும் செய்கிற வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போடு. பஸ் போனால் போகட்டும். அடுத்த பஸ் உண்டு.

ஐந்தாவது, முன்கூட்டியே ஜனங்களுக்குச் சொல். 2025-இல் தபால் துறை ஏபிடி 2.0 என்ற புதிய சிஸ்டத்துக்கு மாறியபோது, ஒரே நாளில் நாடு முழுக்க மாற்றவில்லை. கட்டம் கட்டமாகப் போனார்கள். மாறுகிற நாளில் பரிவர்த்தனை இருக்காது என்று முன்னாலேயே அறிவித்தார்கள். ஒரு நாள் மூடியிருக்கும் என்று தெரிந்தால் நம் ஜனங்கள் சலித்துக்கொண்டாவது வேறு நாள் வருவார்கள். தெரியாமல் வந்து உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. அப்படியும் தடங்கல் வந்துவிட்டால், வேறு எங்கே போனால் வேலை நடக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டு. "கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று சொல்லாதே. கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு என்று உனக்கே தெரியாது.

இத்தனையும் செய்ய ஒரு மாதம் ஆகும். இன்ஜினியருக்கு இன்னும் இரண்டு முறை வந்துபோகிற செலவு. மேனேஜர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும் என்பது என் கட்சி.

இன்று காலை பையன் வீட்டுக்கே வந்தான். உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க பெட்டி முதுகுல சீட்டு எதுவும் இல்லைங்க சார்" என்றான்.

"அப்ப நீயே ஒண்ணு எழுதி ஒட்டு" என்றேன். "அடுத்து வர்றவனுக்கு ஆகும்."